சேற்றைத் துடைக்காதீர்கள்

பொம்மைக்கு யாராவது சேறு பூசுவார்களா என்று கேட்கிறார்கள். பூசுவார்கள், பூசத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பூசியதைத் துடைத்து வை என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை. அந்தச் சண்டையைத்தான் இங்கே போடப் போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு தொடர்கதைக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். யுத்த டாங்கி, ராணுவ லாரி, ஜீப் முதலியவற்றை அப்படியே சின்னதாக்கி, நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்கி வந்து ஒவ்வொரு துண்டாக நறுக்கி, அரம் போட்டு, ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டும். முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்பது இதில் பிரசித்தமான அளவு. ஆறடி மனிதன் அதில் இரண்டு அங்குலம். அது ஏன் முப்பத்தைந்து, முப்பதாகவோ நாற்பதாகவோ இருக்கக் கூடாதா என்று விசாரித்துப் பார்த்தேன். ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்தில் மரவாடியாக ஆரம்பித்த டாமியா கம்பெனி, 1961இல் ஜெர்மானியருடைய பாந்தர் டாங்கியை மாடலாகக் கொண்டுவந்தது. அது தானாக ஓட வேண்டும் என்று உள்ளே மோட்டார் வைத்தார்கள். மோட்டாருக்கு இரண்டு பாட்டரி தேவை. பாட்டரி கொள்கிற மாதிரி டாங்கியின் அகலத்தைத் தீர்மானித்தார்கள். பிற்பாடு கணக்குப் பார்த்தால் அது முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. உலகம் பூராவும் இன்று கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அளவு, இரண்டு பாட்டரி போட்ட பிச்சை! சாஸ்திரங்கள் பிறக்கிற விதமே இப்படித்தான் போலிருக்கிறது.

ஒட்டி வர்ணம் அடித்ததோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அங்கேதான் ஆரம்பம். புதுசாக மினுக்குகிற டாங்கியை வெயிலும் மழையும் யுத்தமும் பட்ட டாங்கியாக மாற்ற வேண்டும். 'வெதரிங்' என்று அதற்குப் பெயர். முதலில் துருவின் நிறத்தை அடிக்கிறார்கள். அதன்மேல், பெண்கள் கூந்தல் கலையாமலிருக்க அடித்துக்கொள்ளும் ஸ்பிரேயை அடிக்கிறார்கள். அதன்மேல் ராணுவப் பச்சை. காய்ந்ததும் தண்ணீரைத் தொட்டு முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால், அடியிலுள்ள ஸ்பிரே கரைந்து, பச்சை அங்கங்கே செதிலாக உரிந்து துரு தெரிகிறது. பிறகு எண்ணெய் வர்ணத்தை டர்பெண்டைனில் நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டால் அழுக்கு படிந்துகொள்கிறது. கடைசியில் சேறு. இதற்கென்று வர்ணப் பொடிகள் சின்னச் சின்னப் புட்டிகளில் வருகின்றன. ஒரு புட்டியின் விலையில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் காய்கறி வாங்கலாம்.

நன்னிலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் அந்தப் புட்டி வாங்கவில்லை. முடிகொண்டான் ஆற்றில் இறங்கி ஒரு டப்பா வண்டல் அள்ளிக்கொண்டு வந்தான். நிழலில் உலர்த்தி, அம்மியில் நுணுக்கி, தகப்பனாரின் பழைய வேட்டியில் இரண்டு தடவை சலித்தான். ஏன் இரண்டு தடவை என்று கேட்டேன். "அரை மில்லிமீட்டர் மணல் இதுல இருந்துட்டா, அது கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர் கல்லு ஆயிடும் மாமா. நெல்லு வயல்ல ஏது கல்லு?" என்றான். கேள்வி கேட்ட எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. சலித்ததை வெள்ளைப் பசையில் குழைத்து, ஈர்க்குச்சியால் சங்கிலிப் பட்டையின் ஒவ்வொரு கண்ணியிலும் வைத்தான். இரண்டு ராத்திரி.

அவன் செய்தது பி.டி.76 என்ற ரஷ்ய டாங்கி. பதினான்கு டன் எடை, மூன்று பேர் உள்ளே இருப்பார்கள், தண்ணீரில் நீந்தும். 1971 நவம்பரில் இன்றைய வங்காள தேசத்தின் ஜஸ்ஸோர் பக்கத்தில், கரீப்பூர் என்ற கிராமத்து வயல்களில், நம் படையின் நாற்பத்தைந்தாவது குதிரைப் படைப் பிரிவு இந்த டாங்கிகள் பதினான்கை வைத்துக்கொண்டுதான் சண்டை போட்டது. நெய் டின் மாதிரி மிதக்கிறதே என்று பஞ்சாபிச் சிப்பாய்கள் அதற்குப் 'பிப்பா' என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். அளவு குறைத்தால் சரியாக ஒரு சாண் நீளம். கங்கையின் டெல்டாவில் ஓடிய வண்டிக்குக் காவேரியின் வண்டல். பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்!

இதை அவன் ஒரு பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தான். எந்தப் பள்ளிக்கூடம் என்பது இங்கே முக்கியமில்லை. பரிசு கொடுக்க வந்திருந்த பெரியவர் குனிந்து பார்த்தார். "வேலைப்பாடு பிரமாதம். ஆனால் சுத்தமாகத் துடைத்துவிட்டு வைத்திருக்கலாம். நம் ராணுவத்தை இப்படி அழுக்காகக் காட்டுவது மரியாதையாக இல்லையே, தம்பி" என்றார். பரிசு, ஜிகினா ஒட்டிய ஒரு ராக்கெட்டுக்குப் போயிற்று. ராக்கெட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த 'மரியாதை' என்ற வார்த்தைதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

மரியாதையாமே! யாருக்கு? ராணுவத்துக்கா, பெயிண்டுக்கா?

மரியாதையைப் பற்றிச் சொல்ல யோக்கியதை உள்ள ஒருவர் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். மிலிட்டரிக்காரர் என்றால்தான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். 1971இல் கிழக்கே போன படையில் இந்தப் பிப்பாவையே ஓட்டியவர். பையனை அழைத்துக்கொண்டு போய் அவரிடம் பொம்மையைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அழுக்காக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அழுக்கு தப்பான இடத்தில் இருக்கிறது என்றார்.

"ஆத்தை நீந்திக் கரை ஏறின வண்டின்னு சொல்றே. அப்ப மேல் தகட்டுல புழுதி எப்படிடா இருக்கும், தம்பி? தண்ணி கழுவிக்கிட்டுப் போயிருக்குமே. கரை ஏறினப்ப ஒட்டின சேறு கீழேதான் இருக்கும், அதுவும் ஈரமா. புழுதியும் ஈரச் சேறும் ஒரே வேளையில நிக்காது."

பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அவர் மேலும் சொன்னார்: "டிரைவர் ஏறி இறங்குற இடத்துல பெயிண்டே இருக்காது. எங்க பூட்ஸ் தேச்சே தகடு வெள்ளையாயிடும். அங்கே போய்ப் பச்சை அடிச்சு வச்சிருக்கியே."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதைத் துடைக்கச் சொன்னாரா, சார்? பட்டையில ஒட்டின சேறு காஞ்சா இரும்பு மாதிரி ஆயிடும். நாள் பூரா ஓட்டிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி கடப்பாரையை எடுத்து ஒவ்வொரு கண்ணியா நோண்டித் தள்ளுவோம். துடைச்சவன் நான். அவரு எதைத் துடைச்சாரு?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சேர்க்க வேண்டியதில்லை.

துடைக்கச் சொல்கிறவர்களுக்கு டாங்கியின் ஜாதகமும் தெரியாது. அது பிறந்ததே சேற்றுக்காகத்தான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ஸ்டாக்டன் என்று ஓர் ஊர். அதுவும் எங்கள் ஊர் மாதிரி டெல்டா. ஆற்று முகத்து மண். அந்த மண்ணில் நீராவி டிராக்டர்கள் புதைந்து போய்க்கொண்டிருந்தன. சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள், இன்னும் அகலமாக்கிப் பார்த்தார்கள். வண்டி ஒரு வீட்டின் அகலத்துக்கு வந்ததுதான் மிச்சம். 1904 நவம்பரில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் பின் சக்கரங்களையே கழற்றிவிட்டு, மரக்கட்டைகள் கோத்த சங்கிலிப் பட்டையைச் சுற்றி ஓட்டிக் காட்டினார். வேறு சிலரும் வேறு இடங்களில் இதை முயன்றிருந்தார்கள். ஆனாலும் விவசாயிக்கு உபயோகமாகிற மாதிரி செய்து விற்றவர் இவர். கம்பளிப்புழு ஊர்வது போல் இருக்கிறதே என்று யாரோ சொல்ல, அதுவே வண்டிக்குப் பெயராயிற்று. பத்து வருஷம் கழித்து ஐரோப்பாவில் யுத்தம் மூண்டபோது, பிரிட்டிஷ் படை இந்த டிராக்டர்களை வாங்கிப் பீரங்கி இழுக்க வைத்தது. இழுக்கிற வண்டிக்கே தகடு போர்த்திப் பீரங்கி வைத்தால் என்ன என்ற யோசனை சில ராணுவ அதிகாரிகளுக்கு அதைப் பார்த்துத்தான் பலப்பட்டது. 1916 செப்டம்பர் 15ஆம் தேதி பிரான்ஸில் ஸோம் போர்க்களத்தில் டாங்கி முதல் முதலாக இறங்கிற்று. ரகசியம் வெளிப்படாமலிருக்கத் தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று புளுகியதில் வந்த பெயர் 'டாங்க்'. நம் குளத்துக்கும் ஏரிக்கும் வெள்ளைக்காரத் துரைகள் எழுதி வைத்த அதே வார்த்தை.

மறு வருஷமே சேறு தன் பங்கைக் கேட்டது. 1917இல் பெல்ஜியத்தில் ஈப்ரே நகரத்துக்கு அப்பால் மாதக்கணக்கில் குண்டு மழை. மேல் மழை வேறு. தாழ்ந்த நிலம், விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வெட்டி வைத்திருந்த வடிகால்களைத்தான் குண்டுகள் முதலில் நாசம் செய்தன. வடிகால் தூர்ந்தால் என்ன ஆகும் என்பதை நன்னிலம் தாலுகாக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் ஒரு நடை வந்து பார்த்தால் போதும். டாங்கிகள் புதைந்தன. மனிதர்களும் புதைந்தார்கள்.

நம் நாட்டிலேயே பாருங்கள். 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபில் கேம்கரண் பக்கத்தில் அஸல் உத்தர் என்ற இடத்தில் நடந்த சண்டையில், நம்மவர்கள் வாய்க்காலை வெட்டிக் கரும்புக் கொல்லையில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டார்கள். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் அந்தச் சேற்றில் வந்து மாட்டிக்கொண்டன. தொண்ணூறுக்கு மேல் தொலைந்தன என்பது நம் தரப்புக் கணக்கு. ஜீப்பில் ஏற்றிய ஒரு பீரங்கியோடு டாங்கிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போய் உயிரை விட்ட ஹவில்தார் அப்துல் ஹமீதுக்கு இறந்தபின் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். அவருடைய வீரத்தைச் சொல்லும்போது மடையைத் திறந்துவிட்டவனையும் ஒரு வார்த்தை சொல்லலாம். எங்கள் ஊர் மதுவனேசுவரர் கோயில், கோச்செங்கட் சோழன் எழுப்பிய மாடக் கோயில்களில் ஒன்று. யானை ஏறி வரக் கூடாதென்று சந்நிதியை உயரத்தில் வைத்தான் என்பது ஐதிகம். அந்தக் காலத்து டாங்கியை நிறுத்தப் படிக்கட்டு போதுமாயிருந்தது. 1965இல் ஒரு மடைத் தண்ணீர் வேண்டியிருந்தது.

இப்படிப் பிறந்து, இப்படி ஓடி, இப்படி மாட்டிக்கொண்ட வண்டியிலிருந்து சேற்றைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நாற்சந்தியில் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்களே, அதுதான். நானும் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். நிஜ டாங்கி, அதில் சந்தேகமில்லை. வருஷத்துக்கு ஒரு முறை கெட்டியாகப் பச்சை எனாமல், பட்டைக்குக் கறுப்பு, மேடைக்குச் சுண்ணாம்பு, பீரங்கி வாய்க்கு ஒரு தகர மூடி. குண்டு பட்ட பள்ளம் இருந்திருந்தால் அதையும் பூசி மெழுகியிருப்பார்கள். அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிற குழந்தை, அதற்குள் மூன்று நாலு பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு, எண்ணெய்ப் புகையிலும் சூட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்ளும்? நிஜ டாங்கி பொய் சொல்கிறது. ஒரு சாண் பிளாஸ்டிக், ஆற்று வண்டலைப் பூசிக்கொண்டு, உள்ளதைச் சொல்கிறது.

"ஆயுத பூஜைக்கு நாமும்தானே டிராக்டரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். வைக்கிறோம், நானே வைத்திருக்கிறேன். ஆனால் அந்த டிராக்டர் கேஜ் வீலை மாட்டிக்கொண்டு குறுவைக்கும் தாளடிக்கும் அச்சு வரை சேற்றில் உழன்றிருக்கிறது. பூஜை முடிந்தால் மறுபடியும் இறங்கப் போகிறது. அதற்கு ஒரு நாள் குளியல் உபசாரம். நாற்சந்தி டாங்கிக்கு அந்த ஒரு நாளைத் தவிர வேறு நாளே கிடையாது. இரண்டும் ஒன்றா?

இன்னொரு கட்சி, இதற்கு நேர் எதிர்க் கட்சி. யுத்தப் பொம்மையே கூடாது, குழந்தைகள் மனசில் விஷம் என்கிறவர்கள். இவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு. பரிசு கொடுக்க வந்தவரைவிட நிச்சயமாக அதிக மதிப்பு உண்டு. ஆனாலும் விஷம் எங்கே இருக்கிறது என்று இவர்கள் பார்க்க மாட்டேனென்கிறார்கள். சாவி கொடுத்தால் நெருப்புப் பொறி கக்கிக்கொண்டு ஓடுகிற பொம்மை டாங்கி கடைத்தெருவில் தொங்குகிறது. அதில் ஒரு கீறல் கிடையாது. செல்போன் விளையாட்டில் டாங்கி வெடித்துச் சிதறுகிறது. அடுத்த நிமிஷம் அதே டாங்கி புதுசாக வந்து நிற்கிறது. யுத்தம் என்றால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக் கொடுப்பது இவை அல்லவா? ஒரு கண்ணிக்குச் சேறு வைக்க ஐந்து நிமிஷம் ஆகிறவனுக்கு அந்தத் தைரியம் வராது. இந்த வண்டி எங்கே போயிற்று, யார் இதை இழுத்துக்கொண்டு வந்தார்கள், இந்தக் கீறல் எப்படி விழுந்தது என்று அவன் கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் பிரஷ்ஷை எங்கே வைப்பது என்று தெரியாது. கேட்டுக்கொண்டு போனால், ஒரு நாள் மிலிட்டரிக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டி வரும்.

சொந்தக் கட்சிக்காரர்களையும் விட்டுவிடுவதற்கில்லை. சேறு பூசுகிறவர்களில் பாதிப் பேர் நிஜத்துக்காகப் பூசுவதில்லை, பவிஷுக்காகப் பூசுகிறார்கள். மூன்று மாசம் ஓடிச் செத்த வண்டிக்கு முப்பது வருஷத் துரு! மேலிருந்து கீழ் வரை ஆரஞ்சு நிறம் வழிய விட்டு, அதைப் படம் எடுத்துப் போட்டு, சபாஷ் வாங்கிக்கொள்கிறார்கள். புழுதியும் ஈரச் சேறும் ஒரே வேளையில் நிற்காது என்று மிலிட்டரிக்காரர் சொன்னாரே, அதை இவர்கள் கேட்கட்டும். காரணம் இல்லாத கறை எனாமல் பெயிண்டுக்கு அண்ணன். கதை எழுதுகிறவர்களிலும் இந்த ரகம் உண்டு. ஏழையைக் காட்ட வேண்டுமென்றால் கிழிசலுக்கு மேல் கிழிசலாகத் தைத்துப் போடுவார்கள். அது எந்த ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

ஜெர்மன் டாங்கிப் பைத்தியம் ஒன்றும் இருக்கிறது. ஹிட்லரின் டைகர் டாங்கிக்கு ஒரு பக்கத்தில் எத்தனை சக்கரம், எந்த மாசம் எந்தப் போல்ட்டை மாற்றினார்கள் என்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது, அதற்குள் நாலு பேர் உட்கார்ந்தார்கள், அதைச் செய்த தொழிலாளிகள் நம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் என்றால் அப்படியா என்கிறார்கள். பெட்டியில் எது வருகிறதோ அதுதான் சரித்திரம் என்று ஆகிவிட்டது. டைகர் டாங்கியை மினுக்க மினுக்கப் பண்ணி அலமாரியில் வைத்துக்கொண்டு, அதன் எதிரே யார் நின்றார்கள் என்று யோசிக்காமலிருப்பதற்கு, அந்தப் பரிசுப் பெரியவரே தேவலை.

நன்னிலத்துப் பையன் பிப்பாவைத் திருத்திவிட்டான். மேல் தகட்டில் இருந்த புழுதியை ஈரத் துணியால் எடுத்தான். டிரைவர் ஏறுகிற இடத்தில் பச்சையைச் சுரண்டினான். இப்போது வேறு வேலை ஆரம்பித்திருக்கிறான். சம்பா அறுவடைக்கு வயலில் ஈரம் காயாவிட்டால் டயர் வண்டி இறங்காது. செயின் வண்டி என்று ஓர் அறுவடை இயந்திரம் வரும். அதற்கும் டாங்கி மாதிரியே பட்டை. அதற்கு மாடல் பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் தகடு வாங்கி, கண்ணி கண்ணியாக அவனே வெட்டிக்கொண்டிருக்கிறான். போன வாரம் போனபோது ஒரு பக்கத்துப் பட்டை பாதி முடிந்திருந்தது. வண்டலைச் சலித்துத் தனி டப்பாவில் மூடி வைத்திருந்தான். இந்தத் தடவை அதில் வைக்கோல் துணுக்கும் கலக்க வேண்டுமாம். முப்பத்தைந்தில் ஒரு பங்கு வைக்கோலுக்கு எதை நறுக்குவது என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தென்னங்கயிற்றின் பிசிறை நறுக்கிப் பார்க்கலாமா என்றேன். அது தடிமன் என்று தள்ளிவிட்டான்.